மருத்துவத்தின் நான்காம் கூறு

திருக்குறளின் 95ஆம் அதிகாரம் மருந்து. அதன் இறுதியில் நிற்கும் 950ஆம் குறளில் வள்ளுவப் பெருந்தகை மருத்துவத்தை நான்காகப் பகுத்துக் காட்டுகின்றார். நோயுற்றவர் ஒருவர், நோயைத் தீர்ப்பவர் ஒருவர், மருந்து மூன்றாவது, அருகிருந்து பணிபுரிபவர் நான்காமவர். இந்நான்காமவரை உழைச்செல்வான் என்னும் சொல்லால் அவர் குறித்தார். உழை என்பது பக்கம் எனப் பொருள்படும். பரிமேலழகரோ பக்கத்தில் நிற்பவர் என்ற அளவில் அமையாது, மருந்தைப் பிழை நேராமல் ஆக்குபவர் என்ற கருத்தில் உரை வகுத்தார். வடமொழியில் சரகர் பெயரால் வழங்கும் ஆயுர்வேத நூலும் மருத்துவம் நான்கு கால்களில் நிற்பது என்று கூறி, பணியாளரை அந்நான்கனுள் ஒருவராக வைத்து எண்ணுகின்றது.

ஆனால் மருத்துவ வரலாறு எழுதுவோர் பெரும்பாலும் முதல் மூன்றையே பேசி அமைகின்றனர். கொள்ளைநோயில் மாண்டோரின் தொகை எழுதப்படுகின்றது; மருத்துவரின் பெயர் கல்லில் பொறிக்கப்படுகின்றது; புதிய மருந்தைக் கண்டவர் உலகப் புகழ் எய்துகின்றார். கருவியைக் கழுவியவர் யார், மருந்தைக் குழைத்தவர் யார், தட்டை ஒழுங்கு செய்து வைத்தவர் யார் என்று கேட்பார் இலர். மலேசியத் தமிழரைப் பொறுத்தவரை இக்கேள்வி புறக்கணிக்கத்தக்கதன்று. இந்நாட்டு மருத்துவத்தின் நான்காம் கூற்றில் தமிழரின் கைகள் நெடுங்காலமாக உழைத்து வந்துள்ளன. பல் மருத்துவ உதவியாளர் நோயாளி வருமுன்னர் அடுக்கி வைக்கும் சிறு தட்டு ஒன்றே அவ்வுழைப்பின் வரலாற்றைக் கூறப் போதுமானது.

தோட்டமும் டிரசரும்

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ், பெயருக்கேற்பச் செங்கற் சூளைகளால் எழுந்த வட்டாரம். 1881ஆம் ஆண்டில் தீயும் வெள்ளமும் அடுத்தடுத்து வந்து கோலாலம்பூரின் மரவீடுகளையும் அத்தாப்புக் கூரைகளையும் அழித்தன. அதன்பின் செங்கல்லால் கட்டும் வழக்கம் வலுப்பெற்றது. அதற்கு வேண்டிய செங்கல் இவ்வட்டாரத்தில் சுடப்பட்டது. பின்னர் இருப்புப்பாதைப் பணிமனைகளும் ஊழியர் குடியிருப்புகளும் இங்கு அமைந்தன. தமிழகத்திலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வந்தோர் குடியேறினர். மேற்கே கிள்ளானைச் சூழ்ந்து ரப்பர்த் தோட்டங்கள் பரந்தன. அத்தோட்டங்களின் லயங்களில் பல்லாயிரம் தமிழ்க் குடும்பங்கள் வாழ்ந்தன.

அக்காலத்தில் தோட்ட மக்களை முதலில் அச்சுறுத்தியது மலேரியாக் காய்ச்சல். 1901இல் கிள்ளானுக்கு மாவட்ட மருத்துவராக வந்த மால்கம் வாட்சன் என்னும் ஸ்காட்லாந்தியர், நகரையும் துறைமுகத்தையும் சூழ்ந்த சதுப்பு நிலங்களிலிருந்து நீரை வடித்து அக்காய்ச்சலை அடக்கினார். அச்செயல் உலக மருத்துவ வரலாற்றில் இடம்பெற்றது. வாட்சனின் பெயர் நிலைத்தது; வடிகால்களை வெட்டிய தொழிலாளர் பெயரற்றவராயினர். நான்காம் கூற்றுக்கு நேரும் கதி எத்தகையது என்பதற்கு இது முதற்சான்று.

தோட்டத்தில் அன்றாட மருத்துவம் என்றால் அது டிரசரின் பணியே. காயத்திற்குக் கட்டுப் போடுபவர் என்பதே அவ்வாங்கிலச் சொல்லின் பொருள். மருத்துவர் குறித்த நாளில் வந்து பல தோட்டங்களைப் பார்த்துச் செல்பவர். டிரசரோ தோட்டத்திலேயே தங்கியிருப்பவர். காய்ச்சலுக்குக் கொயினா மருந்து கொடுப்பதும், பால்வெட்டும் கத்தி பட்ட கைக்குக் கட்டுப் போடுவதும், ஊசியைக் கொதிநீரில் இடுவதும், பொறுக்க முடியாத வலி தரும் பல்லைப் பிடுங்குவதும் அவர் கையால் நடந்தன. வெளியே எடுத்து வைத்த பற்குறட்டைக் கண்டே பிள்ளைகள் ஓடி ஒளிந்த காலம் அது.

இம்மருத்துவம் போதுமானதாக இருந்ததா? 1941ஆம் ஆண்டு மார்ச் முதல் மே வரை கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் நடத்திய வேலைநிறுத்தம் இதற்கு விடை கூறும். ஊதிய உயர்வும் மதிப்பான நடத்தையும் கேட்டு எழுந்த அம்மக்களின் கோரிக்கைகளுள், தகுந்த மருத்துவ வசதி வேண்டும் என்பதும் ஒன்றாக இருந்தது. அவ்வெழுச்சி படைபலத்தால் அடக்கப்பட்டது, உயிர்களும் பலியாயின. தூய கருவியும் நல்ல மருந்தும் ஏழைத் தொழிலாளியின் உரிமை என்பதை அம்மக்கள் அன்றே உணர்ந்திருந்தனர். டிரசரின் பணியைச் சட்டம் முறைப்படுத்தியது பின்னரே. 1965ஆம் ஆண்டின் தோட்ட மருத்துவமனை உதவியாளர் பதிவுச் சட்டம் அவர்களைத் தகுதி அடிப்படையில் பதிவு செய்ய வழி வகுத்தது.

பல் மருத்துவம் அதனினும் மெதுவாகவே வளர்ந்தது. பல் மருத்துவக் கல்வி 1929இல் சிங்கப்பூரின் ஏழாம் எட்வர்ட் மன்னர் மருத்துவக் கல்லூரியில் தொடங்கிற்று. கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் பல் மருத்துவத் துறை 1972இல்தான் அமைந்தது. இடைப்பட்ட காலத்தில் நகரங்களில், முறையாகக் கல்லாது பழக்கத்தால் தொழில் செய்தோர் பலராக இருந்தனர். 1948ஆம் ஆண்டின் பல் மருத்துவர் பதிவுச் சட்டம் அவர்களைத் தனிப் பிரிவில் பதிந்து, புதியவர் அவ்வழியில் நுழையாதவாறு தடுத்தது. மருத்துவர்க்குச் சட்டம் வந்தது. அவர் அருகில் நின்றவர்க்கு அப்பொழுது பெயரே நிலைபெறவில்லை.

பினாங்கில் எழுந்த பள்ளி

பல் மருத்துவரின் அருகில் ஒரு பெண் பணியாளர் நிற்கும் வழக்கம் மேலைநாட்டிலும் பழையதன்று. அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் எட்மண்ட் கெல்ஸ் என்னும் பல் மருத்துவர் 1885ஆம் ஆண்டளவில் மல்வினா குவேரியா என்னும் பெண்ணைப் பணியில் அமர்த்தினார். துணையின்றி மருத்துவரிடம் செல்லத் தயங்கிய மகளிர் அதன்பின் அச்சமின்றி வந்தனர். இதிலிருந்தே ஓர் உண்மை விளங்கும். உதவியாளர் மருத்துவர்க்கு மட்டும் உதவியாளர் அல்லர். நோயாளியின் நம்பிக்கைக்கும் அவரே காவலர்.

முதல் உலகப் போரின்போது நியூசிலாந்து தன் இளைஞர்களின் பற்கள் பெரிதும் கெட்டிருப்பதைக் கண்டது. பள்ளிப் பருவத்திலேயே பல்லைக் காத்தால் அல்லது இது தீராது என்று கருதிய அந்நாடு, தாமஸ் ஹண்டர் என்பாரின் முயற்சியால் 1921இல் வெல்லிங்டன் நகரில் பெண்களுக்குப் பயிற்சி தந்து, பள்ளிப் பிள்ளைகளின் பற்களைப் பேணும் பல் தாதியரை உருவாக்கத் தொடங்கியது. அம்முறையைத் தழுவி 1949இல் பினாங்கில் பல் தாதியர் பயிற்சிப் பள்ளி தோன்றியது. நியூசிலாந்துக்கு வெளியே இம்முறையில் எழுந்த தொடக்கப் பள்ளிகளுள் அது ஒன்று. பல் தாதியரோடு பல் மருத்துவ உதவியாளரும் தொழில்நுட்பரும் நாளடைவில் அங்குப் பயிற்சி பெற்றனர். மருத்துவர் மிகக் குறைவாக இருந்த நாட்டில், பள்ளிப் பிள்ளைகளின் வாயை ஆண்டுதோறும் பார்க்கும் பணி இப்பெண்களைக் கொண்டே நடைபெற்றது.

தாதியும் உதவியாளரும் ஒருவரல்லர் என்பதை ஈண்டு நினைவிற் கொள்ளல் வேண்டும். பல் தாதி பிள்ளைகளின் சொத்தைப் பல்லைத் தாமே அடைப்பார், பாற்பல்லைப் பிடுங்குவார். உதவியாளர் அவ்வாறு சிகிச்சை செய்பவர் அல்லர். கருவிகளைத் தூய்மை செய்து, தட்டில் அடுக்கி, மருந்துகளைக் குழைத்து, வேண்டும்பொழுது கையில் தந்து, மீண்டும் எல்லாவற்றையும் தூய்மை செய்பவர் அவர். ஆயினும் தோட்டப்புறத்துத் தமிழர் இருவரையும் மிசி என்ற ஒரே சொல்லால் அழைத்தனர். நடமாடும் பல் மருத்துவக் குழு தமிழ்ப்பள்ளிக்கு வந்து, வகுப்பறை ஒன்றில் மடக்கு நாற்காலியை விரித்து, வெள்ளைத் துணியின்மேல் கருவிகளை அடுக்கும்பொழுது, பிள்ளைகள் கண்டது அவ்விருவரையுமே. அத்தகைய இடங்களில் தமிழில் இரண்டு சொல் பேசும் உதவியாளர் ஒருவர் இருந்தால், வாயை மூடிக்கொண்ட பிள்ளையும் திறந்துவிடும். நகரங்களிலோ பிரிக்பீல்ட்சிலும் கிள்ளானிலும் இருந்த தனியார் பல் மருத்துவ நிலையங்களில், பள்ளிப் படிப்பை முடித்த தமிழ்ப் பெண்கள் இப்பணியை வேலை செய்துகொண்டே கற்றனர். சான்றிதழ் இல்லாத அக்கல்வியும் கல்வியே.

தட்டின் இலக்கணம்

இலக்கணம் கற்பிப்போர்க்கு ஒரு தட்டின் ஒழுங்கை விளக்குவது எளிது. எழுவாய், செயப்படுபொருள், பயனிலை என்று தமிழ்த் தொடர் முறைப்பட அமைவதுபோல, தட்டும் பயன்படும் வரிசையில் அமைகின்றது. எத்தட்டிலும் முதலில் நிற்பவை மூன்று: வாய்க்குள் பார்க்கும் சிறு கண்ணாடி, பல்லின் குழியை ஆராயும் கூர்முனைக் கோல், பஞ்சைப் பற்றும் இடுக்கி. இம்மூன்றும் இன்றிப் பல் மருத்துவம் தொடங்குவதில்லை. பல்லை அடைப்பதற்கான தட்டாயின், சொத்தையைச் சுரண்டும் கரண்டிமுனைக் கருவி, அடைப்பை எடுத்துச் செல்லும் கருவி, அழுத்தும் கருவி, வடிவு செதுக்கும் கருவி என்று செயலின் முறைப்படியே அவை இடமிருந்து வலமாக அடுக்கப்படும். மருத்துவரின் கண் நோயாளியின் வாயை விட்டு அகலாதபடி, கை நீண்ட இடத்தில் கருவி இருத்தல் வேண்டும் என்பதே அவ்வரிசையின் நோக்கம்.

பல் பிடுங்கும் தட்டில் பிழை நேர எளிதில் இடமுண்டு. ஒரே குறடு எல்லாப் பல்லுக்கும் பொருந்தாது. மேல்தாடையின் முன்பல்லுக்கு நேரான குறடு. கீழ்த்தாடைப் பல்லுக்கு வளைந்த முனையுடைய குறடு. மேல்தாடைக் கடைவாய்ப் பல்லுக்கோ வலப்பக்கத்திற்கு ஒன்றும் இடப்பக்கத்திற்கு ஒன்றுமாக இரண்டு குறடுகள் உண்டு. அப்பல்லுக்கு வேர் மூன்று: கன்னத்தின் பக்கம் இரண்டு, அண்ணத்தின் பக்கம் ஒன்று. கன்னத்துப் பக்க அலகில் உள்ள கூர்நுனி அவ்விரு வேர்களின் இடையே சென்று பற்றும். வலத்துக் குறட்டிற்கு மாறாக இடத்துக் குறட்டைத் தட்டில் வைத்தால் அது பல்லைச் சரியாகப் பற்றாது. அவ்வேளையில் வேறொன்றைத் தேடி ஓடினால், நாற்காலியில் இருப்பவரின் அச்சம் இருமடங்காகும். ஆதலின் நோயாளியின் குறிப்பேட்டைப் படித்து, எப்பல், எப்பக்கம் என்று உறுதி செய்த பின்னரே உதவியாளர் தட்டை அடுக்குகின்றார். மரப்பு மருந்துக் குழாயின் பெயரையும் காலக்கெடுவையும் பார்ப்பதும், ஊசியை நோயாளியின் கண்ணில் படாமல் மருத்துவரின் கையில் சேர்ப்பதும் அவர் பணியே.

மருந்து குழைப்பது தனிக்கலை. துத்தநாக ஆக்சைடுத் தூளைக் கிராம்பு எண்ணெயின் சாரத்தோடு குழைத்து வலியடக்கும் தற்காலிக அடைப்பு செய்யப்படுகின்றது. பல்வலிக்குக் கிராம்பை வைத்த பாட்டியின் கைவைத்தியமும் மருத்துவ நிலையத்தின் சாந்தும் இங்கு ஒன்றையொன்று சந்திக்கின்றன. வேறொரு சாந்தைக் கண்ணாடிப் பலகையின்மேல் சிறிது சிறிதாகத் தூளைச் சேர்த்துக் குழைக்க வேண்டும். குளிர்நாட்டு நூல்கள் அப்பலகையைக் குளிர வைத்துக் கொள்ளச் சொல்லும். வெப்பம் மிகுந்தால் சாந்து விரைந்து இறுகிவிடும். ஆனால் கோலாலம்பூரின் ஈரக்காற்றில் பலகையை மிகக் குளிர வைத்தால் அதன்மேல் பனிபோல நீர் படிந்து சாந்தைக் கெடுக்கும். எவ்வளவு குளிர்ச்சி போதும் என்பதைக் கையே அறிந்துகொள்ளும். பல்லின் அச்செடுக்கும் மாவும் அவ்வாறே: நீர் வெதுவெதுப்பாக இருந்தால் வாய்க்குச் செல்லுமுன் கிண்ணத்திலேயே இறுகிவிடும். பரிமேலழகர் கண்ட பிழையின்மை இத்தகைய நுட்பங்களிலேயே அடங்கியிருக்கின்றது.

உள்ளங்கையில் நஞ்சு

இப்பணியில் உழைத்தோர் தம் உடலால் செலுத்திய விலையும் உண்டு. வெள்ளி, வெள்ளீயம், செம்பு ஆகியவற்றின் தூளைப் பாதரசத்தோடு கலந்து செய்யும் அடைப்பு 19ஆம் நூற்றாண்டு முதல் உலகெங்கும் வழங்கிற்று. மலிவானது, உறுதியானது, ஈரத்திலும் பிடிப்பது. ஏழையின் பல்லைக் காத்த பெருமை அதற்கு உண்டு. முடிந்த அடைப்பின் எடையில் ஏறக்குறைய பாதி பாதரசமே.

இயந்திரம் வருமுன் அக்கலவையை உதவியாளர் சிறு கலுவத்தில் இட்டு அரைத்தார். பிறகு அதைத் துணியிலோ மெல்லிய தோலிலோ சுற்றி, விரலால் முறுக்கிப் பிழிந்து, மிகுதியான பாதரசத்தை வெளியேற்றினார். உருண்டோடிய துளிகள் மேசை இடுக்கிலும் தரையிலும் தங்கின. பாதரசத்தின் ஆவிக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. ஆதலின் அதன் வரவை மூக்கு அறியாது. நரம்பையும் சிறுநீரகத்தையும் அது தாக்கும். சன்னல் அடைத்துக் குளிரூட்டிய சிற்றறையில் நாள் முழுதும் நின்றவர்க்கு இத்தீங்கு நோயாளியைவிட மிகுதி. நோயாளி வந்து சென்றுவிடுவார். உதவியாளர் அங்கேயே இருப்பார்.

பிற்காலத்தில் கலவை இயந்திரமும், அளவிட்டு மூடிய சிமிழும் வந்தன. எஞ்சிய துகள்களை மூடிய புட்டியில் இட்டு வைக்கும் முறை பரவியது. 2013இல் ஜப்பானில் ஏற்கப்பட்டு 2017இல் நடைமுறைக்கு வந்த மினமாத்தா உடன்படிக்கை, பாதரச அடைப்பைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும் என்று உலக நாடுகளை வற்புறுத்தியது. நெடுங்காலம் வெறுங்கையால் பிழிந்தவர்களின் பணிக்கு உலகம் காலந்தாழ்த்துத் தந்த சான்றிதழ் என்றே அவ்வுடன்படிக்கையைக் கருதலாம்.

கொதிநீரிலிருந்து நீராவிக்கு

தட்டின் வரலாற்றில் பெருமாற்றம் விளைத்தது கிருமியைப் பற்றிய அறிவு. 1867இல் ஜோசப் லிஸ்டர் கார்பாலிக் அமிலத்தால் அறுவைப் புண்ணைக் காக்கும் முறையை வெளியிட்டார். 1879இல் பாரிசில் சார்லஸ் சாம்பர்லாண்ட் அழுத்த நீராவிக் கலத்தை உருவாக்கினார். ஆயினும் சிறு மருத்துவ நிலையங்களில் கருவிகளைக் கொதிநீரில் இடும் வழக்கமே நெடுங்காலம் நீடித்தது. கொதிநீரின் வெப்பம் 100 பாகை. அவ்வெப்பத்தில் பல கிருமிகள் மடியும். கடினமான வித்துறை கொண்டு உறங்கும் சில கிருமிகள் மடியா. மூடிய கலத்தில் அழுத்தத்தோடு 121 பாகை நீராவி 15 நிமிடம், அல்லது 134 பாகை நீராவி 3 நிமிடம் நின்றால் அவையும் அழியும். கொதிப்பதற்கும் கிருமி நீங்குவதற்கும் உள்ள வேறுபாடு இதுவே.

1968இல் ஏர்ல் ஸ்பால்டிங் என்னும் அமெரிக்க அறிஞர் மருத்துவக் கருவிகளை மூவகையாகப் பிரித்துக் காட்டினார். தசையிலும் குருதியிலும் புகுவன முதல்வகை. வாயின் மென்தோலைத் தொடுவன இரண்டாம் வகை. உடலின் மேற்றோலை மட்டும் தொடுவன மூன்றாம் வகை. இப்பகுப்பின்படி பற்குறடு முதல்வகையிலும் வாய்க்கண்ணாடி இரண்டாம் வகையிலும் சேரும். தட்டை அடுக்கும் உதவியாளர் நாள்தோறும் செய்வது இப்பகுப்பின் நடைமுறையே.

1980ஆம் ஆண்டுகளில் அச்சம் புதிய வடிவில் வந்தது. மலேசியாவில் முதல் எய்ட்ஸ் நோயாளி 1986இல் அறியப்பட்டார். கல்லீரலைத் தாக்கும் பி வகைக் காமாலைக் கிருமி ஊசிக்குத்தால் பரவுவது தெளிவாயிற்று. 1989இல் மலேசியா பச்சிளங் குழந்தைகளுக்கு அதன் தடுப்பூசியைத் தொடங்கியது. 1990இல் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் பல் மருத்துவர் ஒருவரிடம் சிகிச்சை பெற்றவர்க்கு எய்ட்ஸ் கிருமி தொற்றிய செய்தி உலகை அதிரச் செய்தது. அதன்பின் வெறுங்கையால் செய்த பணி கையுறைக்கு மாறியது. ஒவ்வொரு நோயாளிக்கும் தனித்தனியே உறையிட்டு, நீராவியில் வைத்து, நாள் குறித்த கருவிகள் வழக்கத்திற்கு வந்தன. உறையின்மேல் நிறம் மாறும் குறியைக் கண்ட பின்னரே தட்டு பிரிக்கப்படுகின்றது. அழுக்கான கருவி ஒரு வழியில் வந்து, தூய கருவி மறுவழியில் செல்ல வேண்டும். இரண்டும் எதிர்ப்படலாகாது என்பது விதி.

2020இல் கோவிட் பெருந்தொற்று வந்தபோது இப்பணியின் இடர் யாவர்க்கும் புலனாயிற்று. பல்லைக் குடையும் கருவியிலிருந்து எழும் நுண்துளி மூடுபனி போலப் பரவும். அப்பனியின் நடுவே உறிஞ்சு குழாயைப் பிடித்து நிற்பவர் உதவியாளர். மருத்துவர்க்கு நேரும் இடர் அனைத்தும் அவர்க்கும் நேரும். ஊதியமும் புகழும் மட்டும் நேரா.

வெற்றிலையும் எளிய தட்டும்

தமிழர் வாழ்வோடு நெருங்கிய தட்டு ஒன்றும் உண்டு. அதில் குறடு இல்லை, ஊசி இல்லை. இரண்டு கண்ணாடி, ஒரு துண்டு வலைத்துணி, நல்ல ஒளி, அவ்வளவே. வாய்ப்புற்று நோயை முளையிலே காணும் தட்டு அது.

மலேசிய இனங்களுள் வாய்ப்புற்று இந்தியரிடையே மிகுதியாகக் காணப்பட்டது. தோட்ட வாழ்வில் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை ஆகியன பசியையும் களைப்பையும் மறக்கச் செய்த துணைகளாக இருந்தன. முதிய பெண்மணிகளின் மடியில் வெற்றிலைப்பை நீங்காதிருந்தது. புகையிலை சேர்ந்த வெற்றிலை புற்றுநோய் தருவது என்று உலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1985இல் வெளியிட்டது. புகையிலை சேராவிடினும் தீங்கே என்று 2004இல் உறுதி செய்தது. மங்கலப் பொருளாகத் தட்டில் வைத்து நீட்டப்படும் வெற்றிலையே மெல்லும் வாயில் நஞ்சாவது மனத்தை வருத்தும் முரண்.

1997இல் மலேசிய அரசு வாய்ப்புற்றை முன்னறிந்து தடுக்கும் திட்டத்தைத் தொடங்கியது. தோட்டப்புற இந்தியர் அத்திட்டம் நாடிய மக்களுள் முதன்மையானவர். பல் மருத்துவக் குழு தோட்டத்திற்கே சென்று, நாவை வலைத்துணியால் பற்றி ஒருபுறமாக விலக்கி, கன்னத்தின் உட்புறத்தையும் நாவின் ஓரத்தையும் கண்ணாடியால் பார்க்கின்றது. வெண்மையான தடிப்பும், சிவந்த திட்டும், ஆறாத புண்ணும் அங்குத் தேடப்படுகின்றன. வலியில்லாத நோயைத் தேடிச் செல்லும் இப்பணிக்கு விலையுயர்ந்த இயந்திரம் தேவையில்லை. தூய கண்ணாடியும், பாட்டியிடம் வாய் திறக்குமாறு அன்பாகக் கேட்கும் ஒருவரும் தேவை. அன்புமொழி சொல்வதும் கண்ணாடியைத் துடைத்துத் தருவதும் பெரும்பாலும் உதவியாளரின் பங்கு.

பெயரும் பதிவேடும்

1971ஆம் ஆண்டின் பல் மருத்துவச் சட்டம் பல் மருத்துவத் தொழிலை ஒழுங்குபடுத்தியது. 2018இல் இயற்றப்பட்டு 2022 சனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம், பல் தாதியரின் வழிவந்த பல் சிகிச்சையாளரையும் பதிவேட்டில் ஏற்றது. பினாங்கில் 1949இல் தொடங்கிய பயணம் சட்டத்தின் ஏட்டில் இடம்பெற எழுபதாண்டுக்கு மேல் ஆயிற்று. மருத்துவர்க்கும் சிகிச்சையாளர்க்கும் பதிவேடு வகுத்த அச்சட்டத்தில், தட்டை அடுக்கும் உதவியாளர்க்கெனத் தனிப் பதிவேடு அமையவில்லை. வள்ளுவர் நான்காக எண்ணியதைச் சட்டம் இன்னும் நான்காக எண்ணி முடிக்கவில்லை.

இக்குறையைச் சட்டமன்றம் மட்டுமே தீர்க்கும் என்பதில்லை. தமிழாசிரியர்க்கும் மாணவர்க்கும் இதில் பங்குண்டு. குறள் 950ஐ வகுப்பில் விளக்கும்பொழுது நான்காம் கூற்றை ஒரு சொல்லோடு கடந்து செல்வது வழக்கம். அவ்விடத்தில் சற்று நின்று, கிள்ளான் தோட்டத்து டிரசரையும், தமிழ்ப்பள்ளிக்கு வந்த மிசியையும், பிரிக்பீல்ட்ஸ் மருத்துவ நிலையத்தில் மாலைவரை நின்று கருவி கழுவிய பெண்ணையும் சுட்டிக் காட்டலாம். வகுப்பில் அமர்ந்திருக்கும் மாணவருள் ஒருவரின் தாயோ, பாட்டனோ அப்பணியைச் செய்தவராக இருத்தல் கூடும். அவர்களிடம் கேட்டு எழுதினால், எந்த ஆவணக் காப்பகத்திலும் இல்லாத வரலாறு எழுத்தில் அமையும். அரைத்த கலவையின் பெயரும், குறட்டிற்குத் தோட்டத்தில் வழங்கிய பெயரும், அழுத பிள்ளையை அமர்த்தச் சொன்ன சொல்லும் அவர்களின் நினைவிலேயே வாழ்கின்றன. அந்நினைவுடையோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர்.

பெரிய மருத்துவமனையாயினும் சிறு நிலையமாயினும், நோயாளி நாற்காலியில் அமருமுன் ஒருவர் வந்து சென்றிருக்கின்றார். உறையின் குறி நிறம் மாறியதா என்று பார்த்திருக்கின்றார். வலத்துக் குறடா இடத்துக் குறடா என்று குறிப்பேட்டைப் படித்திருக்கின்றார். காலங்கடந்த மருந்தை எடுத்து அகற்றியிருக்கின்றார். அவர் பிழை செய்யாத நாளில் எதுவும் நிகழ்வதில்லை. எதுவும் நிகழாமையே அவர் பணியின் வெற்றி. நிகழாதவற்றை வரலாறு குறித்து வைப்பதில்லை. அதனாற்றான் அவ்வுழைப்பைத் தேடி எழுத வேண்டியிருக்கின்றது.